கொட்டில் வெறுமையாய்க் கிடந்த குளிர்காலம்

திங்கட்கிழமை காலையில் மழை பெய்தால் சிவப்பிரியாவுக்கு இன்னமும் மலக்கி ஃபீனியின் குரல் நினைவுக்கு வரும். பெரிய குரல். அயர்லாந்தின் ரோஸ்கொமன் பக்கத்து மேட்டு நிலத்தில், காற்றுக்கு எதிரே நின்று கத்திக் கத்திப் பழகிய குரல். "இங்கே மழை. அங்கே?" என்றுதான் எப்போதும் தொடங்குவார். ஜெர்மனியின் டுசல்டோர்ஃப்பிலும் மழை என்று அவள் சொல்லிவிட்டால், இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒதுங்கி நிற்பதுபோல அவருக்கு ஒரு சந்தோஷம்.

அவள் அப்போது டுசல்டோர்ஃப் மொத்தச் சந்தைக்குப் பக்கத்தில், குரோகர் என்பவரின் இறைச்சி இறக்குமதி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். விரும்பித் தேடிப்போன வேலை அல்ல. குடும்பம் இருந்த ஹம் நகரில் பள்ளிக்கூடம் முடித்த வருடம், எங்கே அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி கிடைத்தாலும் போதும் என்று விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டிருந்தபோது முதலில் வரச்சொன்னது அவர்கள்தான். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா புஸ்பவதி அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. முட்டைகூட ஏறாத அடுப்பு அவருடையது. கோயிலில் யாராவது மகளின் வேலையைப் பற்றிக் கேட்டால், "இம்போர்ட் கந்தோரிலை" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருமுன் சாமியின் பக்கம் திரும்பிக் கும்பிடத் தொடங்கிவிடுவார். முருங்கைக்காயும் வெண்டிக்காயும் இறக்குகிற அலுவலகம் என்று பலர் நினைத்திருந்தார்கள். அவர்களை யாரும் திருத்தவில்லை.

ஃபீனி முதன்முதலாகக் கூப்பிட்டது இரண்டாயிரத்தோராம் ஆண்டின் தொடக்கத்தில். மாட்டுப் பைத்திய நோய் ஜெர்மனிக்குள்ளும் வந்துவிட்டது என்ற செய்தி பரவி, ஜனங்கள் மாட்டிறைச்சியைக் கண்ணால் பார்க்கவும் பயந்த காலம் அது. குளிரறைகளில் சரக்கு தேங்கிக் கிடந்தது. அலுவலகத்தில் விற்க வருகிறவர்களின் தொலைபேசி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. ஆங்கிலம் நன்றாக வரும் என்ற காரணத்தைச் சொல்லி, அயர்லாந்துக்காரர்களுக்கு 'இப்போது வேண்டாம்' என்று பதில் சொல்லும் வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

"அந்த நாட்டில் ஒருத்தர்கூட மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லையா இப்போது?" என்று அந்தக் குரல் கேட்டது.

"மற்றவர்களைப் பற்றித் தெரியாது. நான் பிறந்ததிலிருந்தே சாப்பிட்டதில்லை," என்றாள் சிவப்பிரியா.

மறுமுனையில் ஒரு சிரிப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"அப்படியானால் இனிமேல் நான் உன்னோடுதான் பேசுவேன். மற்றவர்கள் எல்லாரும் என் இறைச்சியைப் புகழ்ந்துவிட்டு விலையைக் குறைக்கிறார்கள்," என்றார் ஃபீனி.

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமைகள் தொடங்கின. ஃபீனி தனி ஆள் அல்ல. சுற்றுவட்டாரத்து விவசாயிகள் சிலர் சேர்ந்து ஒரு குழுவாகக் குரோகருக்கு இறைச்சி அனுப்பிவந்தார்கள். அவர்களுக்காகப் பேசுகிறவர் அவர். நோயின் பயம் தணிந்து சரக்கு மறுபடி நகரத் தொடங்கியபோது, அந்த வாரம் எத்தனை மாடு தயார் என்பதைச் சொல்ல அவர் கூப்பிடுவார். எண்ணிக்கையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். மீதி நேரம் முழுக்க ஊர்க்கதை. "அந்தச் சிவப்பன் இன்னும் தயாரில்லை. வாலடியில் கை வைத்துப் பார்த்தேன், எலும்புதான் தட்டுப்படுகிறது. அடுத்த வாரம் பார்க்கலாம்," என்பார், ஏதோ கல்யாணத்துக்கு நிற்கும் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

அவர் செய்த தொழில் என்னவென்று அவளுக்குப் புரியக் கொஞ்ச காலம் எடுத்தது. கன்று ஈனவைத்து வளர்ப்பது வேறு யாரோ. இரண்டு கோடை புல் தின்று எலும்பும் உயரமுமாக வளர்ந்து நிற்கும் இளம் மாட்டை அக்டோபர் மாதச் சந்தையில் வாங்குவது ஃபீனி. மழையில் நிலம் சேறாகிற நேரத்தில் கொட்டிலுக்குள் அடைத்து, புளிக்கவைத்த புல்லும் பார்லியும் போட்டு, அந்த எலும்பின் மேல் சதையையும் அளவான கொழுப்பையும் ஏற்றி, வசந்தத்தில் இறைச்சிக்கு அனுப்ப வேண்டும். குறைந்தால் மெலிவு, கூடினால் கொழுப்பு. இரண்டுக்கும் விலை விழும்.

"இதில் நல்ல லாபமா?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"மாட்டிலா? மாட்டில் ஒன்றும் இல்லை. வாங்கின விலையும் தீனியும் சேர்ந்து விற்ற விலையை விழுங்கிவிடும். பிரஸ்ஸல்ஸிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் காசாக, மாட்டுத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு மானியம் வருகிறதே, அதுதான் நாங்கள் சாப்பிடுவது. மாடு என்னிடம் இருந்தது என்று எழுதிக்கொடுக்கிற கடதாசிக்குத்தான் காசு."

"பிறகு ஏன் செய்கிறீர்கள்?"

"நீ ஒருதரமாவது அக்டோபர் சந்தைக்கு வந்திருக்க வேண்டும்," என்றார். "நனைந்து, மயிர் ஒட்டி, முதுகு நீண்டு ஒரு மாடு மூலையில் நிற்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் உனக்கு மட்டும் அதன் தோலுக்குக் கீழே மார்ச் மாதம் தெரியும். அதை வாங்கி வண்டியில் ஏற்றுகிற நேரம் இருக்கிறதே... அதற்கு நான் யாருக்காவது காசு கொடுக்க வேண்டும் என்றால்கூடக் கொடுப்பேன். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று நோரீன் சொல்கிறாள்." நோரீன் அவருடைய மனைவி, பண்ணைக் கணக்கெல்லாம் அந்த அம்மாள் கையில்.

அந்த நாலைந்து வருடங்களை இப்போது நினைத்தால் சிவப்பிரியாவுக்கு எல்லாமே ஒரே காலைபோலத் தோன்றும். ஹம்மிலிருந்து ரயிலில் நின்றபடியே வந்த களைப்பு, மேசையில் ஆறிக்கொண்டிருக்கும் காப்பி, ஜன்னலுக்கு வெளியே பின்னோக்கி வரும் குளிர்லொறிகள், காதுக்குள் அந்த மழைக்குரல். அப்போது அது வெறும் வேலையாகத்தான் இருந்தது. போனபிறகுதான் அதன் சுவை நாக்கில் நின்றது.

இரண்டாயிரத்து ஐந்தில் எல்லாம் மாறியது. மானியத்தை மாட்டிலிருந்து பிரித்துவிட்டார்கள். முந்தைய வருடங்களில் ஒரு விவசாயி வாங்கியதைக் கணக்கிட்டு, இனி மாடு வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பணம் வந்துவிடும் என்றார்கள். ஃபீனிக்கு இது சிரிப்பாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. "இத்தனை வருடமும் அந்தக் காசை நான் கொண்டுபோய்த் தீனிக்கடையில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். இப்போது கதிரையில் உட்கார்ந்திருந்தாலே அது மிச்சமாம்," என்றார்.

அக்டோபர் தொடக்கத்தில் குரோகர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல. அப்பாவிடமிருந்து வந்த நிறுவனத்தைத் தன் காலத்தில் மூடிவிடக்கூடாது என்று பயந்துகொண்டிருந்தவர். வசந்தகாலத்துக்கு ஒரு பெரிய கடைச்சங்கிலி சரக்குக் கேட்டிருந்தது. ஆனால் அயர்லாந்தில் பலர் இந்தக் குளிர்காலம் கொட்டிலை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

"ஃபீனி நிரப்பினால் அவருடைய ஆட்களும் நிரப்புவார்கள். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். மார்ச்சில் நல்ல விலை இருக்கும் என்று சொல்லுங்கள்."

"எவ்வளவு என்று எழுதிக் கொடுப்போமா?"

"எழுத முடியாது. நல்ல விலையை எதிர்பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். அது பொய் இல்லையே."

பொய் இல்லைதான். திங்கட்கிழமை அதே சொற்களை ஃபீனியிடம் சொன்னாள். அவர் மழையைப் பற்றிக் கேட்க மறந்திருந்தார். சந்தையில் இளமாட்டின் விலை ஏறிவிட்டதையும், பார்லி விலையையும், பிரேசிலிலிருந்து வந்திறங்கும் மலிவு இறைச்சியையும் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். பிறகு, "சிவப்பிரியா, நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்?" என்றார்.

அவருடைய கணக்கை அவளும் போட்டுப் பார்த்திருந்தாள். எப்படிப் போட்டாலும் நஷ்டத்தில்தான் முடிந்தது.

"நிரப்ப மாட்டேன்," என்றாள்.

"சரி," என்றார் ஃபீனி. "சரி, பெண்ணே." தொலைபேசியை வைத்துவிட்டார்.

அவள் நேராகக் குரோகரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டாள். வேறு வாயால் அவருக்குத் தெரியவருவதை அவள் விரும்பவில்லை. அவர் கோபப்பட்டுக் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீங்கள் யாரிடம் வேலை செய்கிறீர்கள், ஃப்ராவ் நித்தியானந்தன்?" என்று அவளுடைய குடும்பப் பெயரைச் சொல்லிக் கேட்டதோடு சரி. அடுத்த வாரத்திலிருந்து அயர்லாந்துத் தொலைபேசி பக்கத்து மேசைக்குப் போய்விட்டது. அவளுக்கு லொறிகளின் வருகைப் பதிவு. பக்கத்து மேசைக்காரர் தொலைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். அப்படியும் குரல் அவள்வரை வந்தது. சொற்கள் வரவில்லை.

அதோடு முடிந்திருந்தால் அவள் தன்னை ஒரு நேர்மையான பெண்ணாக நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாள். ஆனால் அந்த அக்டோபரிலேயே பிரேசிலில் கோமாரி நோய் பரவியது. அங்கிருந்து ஐரோப்பாவுக்கு வரும் இறைச்சியில் ஒரு பகுதியைத் தடுத்துவிட்டார்கள். குளிர்காலம் முடிய முடிய விலை ஏறியது. கொட்டிலை நிரப்பியிருந்தவர்களுக்கு அது பல வருடங்களில் வராத வசந்தம். ஃபீனியின் வேலிக்கு அப்பால் இருந்த பக்கத்துப் பண்ணைக்காரர், ஃபீனி சொன்னதைக் கேட்காமல் கொட்டில் நிறைய மாடு கட்டியவர், சிரித்துக்கொண்டே விற்றார் என்று பக்கத்து மேசைக்காரர் அலுவலகம் முழுக்கச் சொன்னார். ஃபீனியின் கொட்டில் வெறுமையாய்க் கிடந்தது. அவர் பேச்சைக் கேட்டவர்களுடையதும்.

சிவப்பிரியா அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாமென்று எண்ணை அழுத்துவாள், பாதியில் விட்டுவிடுவாள். என்னவென்று சொல்வது? பிரேசிலில் மாடுகளுக்கு நோய் வருமென்று தெரிந்திருக்கவில்லை என்றா?

மே மாதத்தில் அவரே கூப்பிட்டார், அவளுடைய கைத்தொலைபேசிக்கு. "நோரீனும் நானும் வருகிறோம். எங்கள் மாடுகள் எல்லாம் போன ஊரை நாங்கள் ஒருதரமும் பார்த்ததில்லை."

டுசல்டோர்ஃப் என்று பெயர் போட்டு, மலிவு விமானம் அவர்களை ஒல்லாந்து எல்லையோரத்து வயல்வெளியில் இறக்கிவிட்டிருந்தது. அங்கிருந்து பேருந்தில் குலுங்கி வந்து சேர்ந்தவர்களை அவள் பெரிய ரயில் நிலையத்தில் கண்டாள். அந்தக் குரலுக்கு ஓர் ஆறடி மனிதரை எதிர்பார்த்திருந்தவளுக்கு, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்ற சிறிய மனிதரைப் பார்க்க ஆச்சரியம். நோரீன்தான் உயரம். "இவர் பேசினதை எல்லாம் பொறுத்துக்கொண்டவள் நீதானா?" என்று அந்த அம்மாள் அவள் கன்னத்தில் முத்தமிட்டார்.

பழைய நகரத்தில் ஒரு உணவகத்தில் அவர்களை உட்காரவைத்தாள். அயர்லாந்து மாட்டிறைச்சி என்று பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்து அவர்தான் அந்த இடத்தைக் காட்டினார். தட்டு வந்தது. ஒரு துண்டு வெட்டி, மென்று, கண்ணை மூடினார். "நல்லதுதான். ஆனால் ஒரு பதினைந்து நாள் முந்தி அனுப்பிவிட்டார்கள்," என்றார். அவள் முன்னால் இருந்த உருளைக்கிழங்கு அப்படியே இருந்தது.

"மிஸ்டர் ஃபீனி, நான் சொன்னது பிழையாகப் போய்விட்டது," என்றாள்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "பிழையாகத்தான் போனது. அந்தக் காசு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை என்று சொன்னால் நோரீன் என்னைக் காலால் உதைப்பாள்."

"உதைப்பேன்," என்றார் நோரீன்.

"ஆனால் ஒன்று. எனக்குத் தெரிந்து இத்தனை வருடத்தில், மாடு வாங்காதே என்று ஒரு மாட்டு வியாபாரி எனக்குச் சொன்னது கிடையாது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது, உலகம்தான் பிசகிவிட்டது. நிரப்பியிருந்தால் நான் இன்னும் பத்து வருடம் அந்த ஒரு வசந்தத்தை நினைத்து நினைத்து நிரப்பிக்கொண்டே இருந்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரன் இப்போது அதைத்தான் செய்யப்போகிறான், பாவம்." தட்டைப் பார்த்தார். "காசு பரவாயில்லை. காலையில் எழும்பினதும் கால் தானாகக் கொட்டிலுக்குப் போய்விடும். கதவைத் திறப்பேன். சுத்தமாக இருக்கும். சத்தமே இருக்காது. அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது."

நோரீன் மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவருடைய சட்டைக் கையிலிருந்த ரொட்டித் தூளைத் தட்டிவிட்டார்.

சனிக்கிழமை அவர்களை ஹம்முக்குக் கூட்டிப்போனாள். அம்மாவிடம் முதல்நாளே சொல்லியிருந்தாள்.

"இறைச்சிக்கு மாடு வளக்கிற மனுசனையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறாய்?" என்று புஸ்பவதி கேட்டார்.

"உங்களுக்கு ஏலாது எண்டால் சொல்லுங்கோ அம்மா. நான் வெளியிலை எங்கையாவது கூட்டிக்கொண்டு போறன்."

"ஆர் ஏலாது எண்டது? கடல் தாண்டி வாற சனத்தைக் கடையிலை தின்னவிடுறதே? உறைப்புச் சாப்பிடுவினமோ எண்டு மட்டும் கேள்."

உறைப்பைக் குறைத்து, கத்தரிக்காய்ப் பால்கறியும் பருப்பும் பயித்தங்காயும் வைத்து, வடையும் சுட்டிருந்தார். அப்பா நித்தியானந்தனுக்குத் தொழிற்சாலையில் சனிக்கிழமை வேலை. நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஃபீனி வடையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூன்று தின்றார். புஸ்பவதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, இவரட்டை ஒண்டு கேக்கோணும். ஒரு மாரி முழுக்க வைச்சுத் தீனி போட்டிட்டு, அந்த நாம்பன் மாடுகளை அனுப்பேக்கை இவருக்கு மனம் நோகாதோ?"

இத்தனை வருடத்துத் திங்கட்கிழமைகளில் சிவப்பிரியா கேட்காத கேள்வி. நோரீனைப் பார்த்தாள். பிறகு மெல்ல ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஃபீனி கையைத் துடைத்துக்கொண்டார். "லொறி விடியற்காலையில் வரும். ஏற்றுவதற்கு ஆள் வைக்கலாம், எல்லாரும் வைக்கிறார்கள். நான் வைப்பதில்லை. அதுகளுக்குத் தெரிந்த குரல் என்னுடையதுதான். நான் முன்னால் நடந்தால் அடி இல்லாமல் ஏறும். லொறி போனதும் தேத்தண்ணீர் குடிப்பேன். மத்தியானம்வரை யாரோடும் பேச மாட்டேன். நோரீனுக்குத் தெரியும், அவளும் கேட்க மாட்டாள்." கை துடைத்த துணியை மடித்து வைத்தார். "அதற்குப் பெயர் மனம் நோவதுதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது ஒன்றுமில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை."

மகள் தமிழில் சொல்லி முடிக்கும்வரை புஸ்பவதி சோற்றில் கை வைக்கவில்லை.

"ஓம்," என்றார் கடைசியில். "அப்பிடித்தான் இருக்கும்." பால்கறிச் சட்டியை அவர் பக்கம் தள்ளினார். "இன்னும் கொஞ்சம் போடச்சொல்லு. வெறுஞ்சோத்தைத் தின்னுறார்."

அன்று பின்னேரம் அவர்களைக் கோயிலுக்கும் கூட்டிப்போனார்கள். வாசலில் தெரிந்த ஒரு அக்கா, இவர்கள் யார் என்று கேட்டபோது, "மகள் மாட்டிறைச்சிக் கொம்பனியிலை வேலை செய்யிறவள் எல்லே, அங்கை பழக்கமான ஆக்கள்," என்று புஸ்பவதி சாதாரணமாகச் சொல்லிவிட்டு, நோரீனின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அந்த அக்கா வாயைத் திறந்தபடி நின்றார். சிவப்பிரியா சப்பாத்துக் கயிற்றை அவிழ்ப்பதுபோல நெடுநேரம் குனிந்தே இருந்தாள்.

அதன்பிறகு ஃபீனி குளிர்காலத்துக்குக் கொட்டிலை நிரப்பும் தொழிலை விட்டுவிட்டார். நிலத்தில் பாதியைப் பால்மாடு வைத்திருக்கும் ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்தார். மீதியில் கோடைக்கு மட்டும் சில மாடுகள், புல்லோடு சரி. குழுவுக்காகப் பேசும் பொறுப்பு வேறொருவரிடம் போனது. குரோகர் சிவப்பிரியாவை மறுபடி தொலைபேசிக்கு உட்காரவைத்தார். மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை, மேசையை மட்டும் திருப்பிக் கொடுத்தார். புதிய ஆள் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான். நல்ல பையன்தான். மழை எல்லாம் அவனுக்கு ஒரு விஷயமே இல்லை.

அந்த வருட அக்டோபரில் ஒருநாள் அவள் வேலை முடிந்து ரயிலுக்கு நின்றிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. எடுத்தால் யாரும் பேசவில்லை. பெரிய இரைச்சல். இரும்புக் கதவுகள் அடிபடும் ஓசை, மாடுகளின் குரல், அதற்கு மேலாக மூச்சு விடாமல் விலை கூவும் ஒருவனின் பாட்டுப் போன்ற பேச்சு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஃபீனி தொலைபேசியை வாயருகே கொண்டுவந்தார்.

"கேட்டதா? இதுதான் அந்தச் சந்தை. சும்மா பார்க்க வந்தேன். வாங்க வரவில்லை. நோரீனுக்குச் சத்தியம் செய்துவிட்டுத்தான் வந்தேன்."

"சரி, பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்," என்றாள் சிவப்பிரியா. ரயில் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் ஏறவில்லை.

"மூலையில் ஒன்று நிற்கிறது," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "நனைந்து போய். முதுகைப் பார்க்க வேண்டும் நீ."

"மிஸ்டர் ஃபீனி, வேண்டாம். கணக்கு வராது."

"வராதுதான்."

மறுபடி இரைச்சல். கூவுகிறவனின் குரல் ஏறி, ஏறி, ஓரிடத்தில் நின்றது. ஏலச் சுத்தியலின் ஒரு தட்டல். ரயிலின் கதவுகள் மூடிக்கொண்டன.

"வாங்கிவிட்டேன்," என்றார் ஃபீனி, பள்ளிக்கூட மதிலேறிக் குதித்தவனைப்போல மூச்சு வாங்கிக்கொண்டு.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வெறுமையான மேடையில் நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"எத்தனை கிலோ நிற்கும்?" என்று கேட்டாள்.